டிவிடி ரெக்கார்டர் டிஸ்க் மெனுல வேண்டாத என்ட்ரி வருதா? அறிகுறிய வச்சு சரி பண்ற வழி

நாலு நிகழ்ச்சிதான் ரெக்கார்ட் பண்ணீங்க, ஆனா டிஸ்க்கைப் போட்டா மெனுல பதினொரு கட்டம் வருது. ஒண்ணுல வெறும் கறுப்பு, ஒண்ணுல எம்ப்டி டைட்டில்னு எழுத்து, இன்னொண்ணு மூணு செகண்ட் ஓடி நின்னுடுது. பாத்ததும் கை தானா ரிமோட்ல டெலீட்டுக்குப் போகும். கொஞ்சம் பொறுங்க. சில டிஸ்க்ல ஒரு தடவை டெலீட் அழுத்தினா போனது போனதுதான், சில டிஸ்க்ல எத்தனை தடவை அழுத்தினாலும் போகாது, இன்னும் சிலதுல நீங்க முன்னாடி டெலீட் பண்ணதாலதான் அந்த கட்டமே வந்திருக்கும். அதனால பட்டனைத் தொடறதுக்கு முன்னாடி என்ன டிஸ்க், அந்த என்ட்ரி எங்க தெரியுதுன்னு ரெண்டும் தெரிஞ்சாகணும்.

முதல்ல டிஸ்க்

மேல என்ன அச்சடிச்சிருக்குன்னு பாருங்க. டிவிடி மைனஸ் ஆர், டிவிடி பிளஸ் ஆர் ரெண்டுமே ஒரு தடவைதான் எழுத முடியும். ஆர்டபிள்யூன்னு இருந்தா அழிச்சு எழுதலாம், சுமாரா 1000 தடவை வரைக்கும்னு சொல்வாங்க. டிவிடி ராம் தனி ரகம், அழிச்சு எழுதறதுல அதை மிஞ்ச ஒண்ணு கிடையாது, ஆனா சாதாரண பிளேயர் நிறைய அதை எடுத்துக்கவே எடுத்துக்காது.

மைனஸ் ஆர்டபிள்யூவா இருந்தா இன்னொரு கேள்வியும் இருக்கு, அது விஆர் மோட்ல (வீடியோ ரெக்கார்டிங் மோட்) ஃபார்மட் ஆயிருக்கா வீடியோ மோட்லயான்னு. ரெக்கார்டர்ல டிஸ்க் இன்ஃபர்மேஷன் பக்கத்துக்குப் போனா எழுதியிருக்கும். விஆர் மோட்ல நடுவுல வெட்டலாம், பிளேலிஸ்ட் போடலாம், என்ன வேணா பண்ணலாம். வீடியோ மோட்ல அந்த சுதந்திரம் ரொம்ப கம்மி, ஆனா ஃபைனலைஸ் பண்ணிட்டா, அதாவது மத்த பிளேயருக்கு ஏத்த மாதிரி டிஸ்க்கை எழுதி முடிச்சு மூடிட்டா, பெரும்பாலான பிளேயர்ல ஓடும். பிளஸ் ஆர்டபிள்யூ ரெண்டுக்கும் நடுவுல நிக்கிற ஆளு, ஃபைனலைஸே தேவையில்ல, ஓரளவு எடிட்டும் பண்ணலாம்.

இத்தனை வகை எதுக்குன்னு எரிச்சலா வரும். ஆரம்பத்துலயே கம்பெனிங்க ஆளுக்கு ஒரு பக்கம் போயிட்டாங்க. 1999 கடைசில பயனியர் ஜப்பான்ல மைனஸ் ஆர்டபிள்யூ வச்சு முதல் ரெக்கார்டரை விட்டாங்க, பானாசோனிக் ராம் டிஸ்க்கைப் பிடிச்சாங்க, பிலிப்ஸ் 2001ல பிளஸ் ஆர்டபிள்யூவோட வந்தாங்க. ஒவ்வொருத்தரும் மெனுவை எழுதற விதமே வேற. அதனாலதான் ஒருத்தர் சொன்ன வழி இன்னொருத்தர் மெஷின்ல வேலை செய்யாம போகுது.

அடுத்து, எங்க தெரியுது

இது ரொம்ப முக்கியம், பாதி பேர் குழம்பறது இங்கதான். ஒரு டிஸ்க்ல ரெண்டு லிஸ்ட் இருக்கு. ஒண்ணு ரெக்கார்டர் தனக்குன்னு வச்சுக்கிற லிஸ்ட். அதை பானாசோனிக்ல டைரக்ட் நேவிகேட்டர்னு சொல்வாங்க, பயனியர்ல டிஸ்க் நேவிகேட்டர், சோனில டைட்டில் லிஸ்ட், பிலிப்ஸ்ல இண்டெக்ஸ் பிக்சர். இன்னொண்ணு மத்த பிளேயருக்காக டிஸ்க்லயே எழுதி வைக்கிற டிவிடி மெனு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு கட்டாயமே இல்ல. ரெக்கார்டர்ல சுத்தமா இருந்துட்டு வேற பிளேயர்ல குப்பையா தெரியலாம், அப்படியே தலைகீழாவும் நடக்கும். அதனால முடிஞ்சா டிஸ்க்கை வேற ஒரு பிளேயர்லயோ கம்ப்யூட்டர்லயோ போட்டுப் பாத்து எது எங்க வருதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, டைட்டில் நம்பர் (ஒரு தடவை ரெக்கார்ட் பண்ணது ஒரு டைட்டில்), எத்தனை நிமிஷம், என்ன படம்னு. கீழ எந்த இடத்துல இருந்து ஆரம்பிக்கணும்னு அந்த பேப்பரே சொல்லிடும்.

எம்ப்டி டைட்டில்னு ஒரு கட்டம் வருது

பிளஸ் ஆர்டபிள்யூ டிஸ்க்ல, முக்கியமா பிலிப்ஸ் வழி மெஷின்ல இது சாதாரணம். இது பழுது இல்ல. நடுவுல இருந்த ஒரு டைட்டிலை டெலீட் பண்ணீங்கல்ல, அந்த இடம் காலியா இருக்குன்னு மெஷின் சொல்லுது, அவ்வளவுதான். பின்னாடி இருக்கிற டைட்டிலை முன்னாடி இழுத்து அடுக்கற வேலையெல்லாம் அது செய்யாது. பக்கத்து பக்கத்துல ரெண்டு டைட்டிலை டெலீட் பண்ணா ரெண்டு காலி இடமும் சேந்து ஒரே கட்டமா ஆயிடும்.

போக்கணும்னா அதுக்குள்ள வேற எதையாவது ரெக்கார்ட் பண்ணுங்க. ஆனா நேரத்தைப் பாத்துப் பண்ணணும். காலி இடம் 25 நிமிஷம், நீங்க 40 நிமிஷ நிகழ்ச்சியைப் போட்டீங்கன்னா மீதி 15 நிமிஷம் அடுத்த டைட்டில் மேல ஏறிடும், அங்க இருந்தது அழிஞ்சுடும், மெஷின் உங்களை நிறுத்திக் கேக்கும்னு நம்பாதீங்க. டிஸ்க்ல வேற எதுவும் தேவையில்லன்னா முழுசா அழிச்சுட்டு புதுசா ஆரம்பிக்கிறதுதான் நல்லது, அதுக்கப்புறம் எம்ப்டி டைட்டில் பேச்சே இருக்காது.

அழிச்சு எழுதின பழைய நிகழ்ச்சி இன்னும் மெனுல நிக்குது

இதுவும் பிளஸ் ஆர்டபிள்யூ சமாச்சாரம்தான். பழைய 2 மணி நேர ரெக்கார்டிங் மேல புதுசா ஒரு 50 நிமிஷம் ரெக்கார்ட் பண்ணா, முதல் 50 நிமிஷம்தான் அழியும், மீதி 70 நிமிஷம் வால் மாதிரி பின்னாடி ஒட்டிக்கிட்டு தனி டைட்டிலா தெரியும். அதை செலக்ட் பண்ணி டெலீட் பண்ணிடலாம், பின்னாடி வேற எதுவும் இல்லன்னா அந்த இடம் டிஸ்கோட மிச்ச காலி இடத்தோட சேந்துடும்.

இதுக்கு நேரெதிரா, டிஸ்க் கடைசில சேர்க்கணும்னு நினைச்சு ரெக்கார்ட் அழுத்தினா அது இருக்கிற இடத்துலயே ஆரம்பிச்சு பழசு மேல எழுதிடும். பிலிப்ஸ் மெஷின்ல சேஃப் ரெக்கார்டுன்னு ஒரு வசதி இருக்கு, அதுல போட்டா கடைசி டைட்டிலுக்குப் பின்னாடி போய்தான் எழுத ஆரம்பிக்கும். சும்மா ரெக்கார்ட் அழுத்தறதுக்கும் சேஃப் ரெக்கார்டுக்கும் நடுவுல ஒரு குடும்பத்தோட பழைய வீடியோ போயிடலாம், தயவு செஞ்சு இதை மட்டும் மறக்காதீங்க.

நான் மறைச்சதும் வெட்டினதும் வேற பிளேயர்ல திரும்ப வருது

ரெக்கார்டர்ல விளம்பரத்தை எல்லாம் சாப்டரா பிரிச்சு மறைச்சு வச்சிருப்பீங்க, அதுல போட்டா அழகா தாவிப் போகும், வேற பிளேயர்ல போட்டா அத்தனை விளம்பரமும் வரிசையா வரும். ஏன்னா மறைச்சது ரெக்கார்டரோட சொந்த லிஸ்ட்ல மட்டும்தான் பதிவாயிருக்கு, டிவிடி மெனு பழைய மாதிரியே கிடக்கு. பிலிப்ஸ்ல டிஸ்க் செட்டிங்ஸ் உள்ள எடிட்டை மத்த பிளேயருக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதுன்னு ஒரு ஆப்ஷன் வரும், மேக் எடிட்ஸ் கம்பாட்டிபிள்னு. அதை ஓட்டினா மெனு திரும்ப எழுதப்படும், நிறைய வெட்டியிருந்தா கொஞ்ச நேரம் எடுக்கும், பொறுமையா விடுங்க. அந்த ஆப்ஷனே வரலன்னா மாத்தறதுக்கு எதுவும் பாக்கி இல்லன்னு அர்த்தம்.

இன்னொரு காரணமும் இருக்கு. பிளஸ் ஆர்டபிள்யூ டிஸ்க்கை வெளிய எடுக்கும்போது மெஷின் மெனு அப்டேட்னு காட்டிட்டு கொஞ்ச நேரம் எடுத்துக்கும். அந்த நேரத்துல பிளக்கைப் பிடுங்கிட்டாலோ கரண்ட் போயிட்டாலோ ரெண்டு லிஸ்ட்டும் ஒத்துப் போகாது. அப்படி ஆயிருந்தா அதே மெஷின்ல திரும்பப் போட்டு ஏதாவது ஒரு டைட்டில் பேரை மாத்துங்க, ஒரு எழுத்து போதும், அப்புறம் ஒழுங்கா எஜெக்ட் பண்ணுங்க, மெனுவை மறுபடி எழுத வேண்டிய கட்டாயம் அதுக்கு வந்துடும்.

ஒரே நிகழ்ச்சி ரெண்டு தடவை இருக்கு

விஆர் மோட் டிஸ்க்கா பாருங்க, ராம் டிஸ்க்கும் இதே கணக்குதான். அதுல ஒரிஜினல்னு ஒரு லிஸ்ட், பிளேலிஸ்ட்னு ஒரு லிஸ்ட். பிளேலிஸ்ட்ல இருக்கறது வீடியோ இல்ல, ஒரிஜினல்ல இங்க இருந்து அங்க வரைக்கும் ஓட்டுன்னு எழுதி வச்ச குறிப்பு மட்டும்தான். சில பிளேயர் ரெண்டையும் கலந்து காட்டும்போது எல்லாமே இரட்டையா தெரியுது.

பிளேலிஸ்டை அழிச்சா வீடியோவுக்கு ஒண்ணும் ஆகாது, டிஸ்க்ல இடமும் கூடாது. ஒரிஜினலை அழிச்சா அதை நம்பி நிக்கிற பிளேலிஸ்ட்டும் கூடவே போயிடும், இல்லன்னா மெஷின் அழிக்கவே விடாது. அதனால ரெண்டுல எதை அழிக்கிறீங்கன்னு ஸ்கிரீன்ல மேல ஓரமா ஒரிஜினல்னு போட்டிருக்கா பிளேலிஸ்ட்னு போட்டிருக்கான்னு படிச்சிட்டு அழுத்துங்க. கஷ்டப்பட்டு வெட்டி ஒட்டினது பிளேலிஸ்ட்லதான் இருக்குன்னா, அதை ஹார்ட் டிஸ்க் இருக்கிற ரெக்கார்டர்ல காப்பி பண்ணி புது டைட்டிலா ஆக்கிக்கிட்டு அப்புறம் பழசைத் தொடுங்க.

மூணு செகண்ட், பத்து செகண்ட் டைட்டிலா நிறைய வருது

இதைக் கொஞ்சம் விரிவா சொல்றேன், ஏன்னா பழைய டேப்பை டிவிடிக்கு மாத்தறவங்க எல்லாருக்கும் வர்ற தலைவலி இது.

சாதாரண காரணம், ரெக்கார்டை அழுத்திட்டு சரியில்லன்னு ஸ்டாப் பண்ணிட்டு திரும்ப அழுத்தறது. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் ஒரு டைட்டில். நடுவுல நிறுத்தணும்னா ஸ்டாப் வேண்டாம், பாஸ் அழுத்துங்க, அப்போ அதே டைட்டில் தொடரும். டைமர் ரெக்கார்டிங்ல ஒண்ணு முடியற நேரமும் அடுத்தது ஆரம்பிக்கிற நேரமும் ஒட்டி இருந்தா அங்கயும் ஒரு துண்டு விழும். கரண்ட் போய் வந்தாலும் அதே கதை.

நீங்க எதையுமே தொடல, ஒரே டேப்பை ஓட விட்டீங்க, ஆனாலும் ஏழு டைட்டில் ஆயிருக்குன்னா சிக்னல்தான் காரணம். தேஞ்ச விஎச்எஸ் டேப்ல இருந்து வர்ற சிக்னல் ஆடும். ரெக்கார்டர் அந்த ஆட்டத்தை சில சமயம் காப்பி தடுப்பு சிக்னல்னு தப்பா எடுத்துக்கிட்டு ரெக்கார்டிங்கை நிறுத்தும், ஆட்டம் நின்னதும் திரும்ப ஆரம்பிக்கும், புது டைட்டில் பிறந்துடும். டேப்ல நடுவுல காலி இடம் வந்து சிக்னலே இல்லாம போனாலும் சில மெஷின் இப்படித்தான் பண்ணும். விசிஆர் ஹெட்டை சுத்தம் பண்ணிப் பாருங்க, டேப்பை ஒரு தடவை முழுசா முன்னாடியும் பின்னாடியும் சுத்தி விட்டுட்டு ஓட்டுங்க, டிராக்கிங்கை கையால சரி பண்ணுங்க. அதுக்கும் அடங்கலன்னா டைம் பேஸ் கரெக்டர்னு ஒரு பெட்டி இருக்கு, விசிஆருக்கும் ரெக்கார்டருக்கும் நடுவுல போடறது, ஆடற சிக்னலை நேராக்கி அனுப்பும். நல்ல விசிஆர் சிலதுல அது உள்ளயே இருக்கும், மெனுல ஆன் பண்ணிக்கணும்.

டிவி சேனல்ல இருந்து ரெக்கார்ட் பண்ணும்போது பட அளவு மாறினாலும் துண்டு விழும். டிவிடி வீடியோ விதிப்படி ஒரு டைட்டில் செட்டுக்குள்ள 4:3 ன்னா கடைசி வரைக்கும் 4:3 தான், 16:9 ன்னா அதுதான். நிகழ்ச்சி 16:9, நடுவுல விளம்பரம் 4:3 ன்னு மாறி மாறி வந்தா வீடியோ மோட்ல சில ரெக்கார்டர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புது டைட்டில் போட்டுடும். செட்டிங்ஸ்ல ரெக்கார்டிங் அளவை ஆட்டோல இருந்து எடுத்துட்டு ஏதாவது ஒண்ணுல நிலையா வச்சா நின்னுடும். ஹேண்டிகேம்ல இருந்து டிஜிட்டல் வீடியோ (DV) கேபிள் வழியா எடுக்கும்போதும் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு சாப்டர், சிலதுல ஒரு டைட்டிலே விழும், அங்கயும் செட்டிங்ஸ்ல ஆட்டோ சாப்டரை ஆஃப் பண்ணிப் பாருங்க.

இப்போ துண்டு துண்டா விழுந்துடுச்சு, என்ன பண்றது? மைனஸ் ஆர் டிஸ்க்ல இன்னும் ஃபைனலைஸ் பண்ணலன்னா வேண்டாத துண்டை டெலீட் பண்ணலாம், ஃபைனலைஸ் பண்ணும்போது எழுதற மெனுல அது வராது. ஆனா இடம் திரும்பக் கிடைக்காது. மைனஸ் ஆர்டபிள்யூ வீடியோ மோட்ல கடைசி டைட்டிலை அழிச்சா மட்டும் இடம் கிடைக்கும், நடுவுல இருக்கறதை அழிச்சா கிடைக்காது, அதனால துண்டு விழுந்த உடனே, அடுத்ததை ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடியே அழிச்சிடுங்க. விஆர் மோட்ல இந்தக் கவலையே இல்ல. டைட்டில் எண்ணிக்கைக்கும் எல்லை இருக்கு, மைனஸ் டிஸ்க்ல 99, பிளஸ் டிஸ்க்ல 49 வரைக்கும்தான் நிறைய மெஷின் விடும், துண்டுங்க சேந்து அந்த எண்ணிக்கையைத் தொட்டுட்டா டிஸ்க்ல இடம் இருந்தும் ரெக்கார்ட் ஆகாது.

ஆனா ஒண்ணு, சின்னதா இருக்குன்னு மட்டும் வச்சு எதையும் அழிக்காதீங்க. எங்க வீட்டு டேப்பை எல்லாம் மாத்தினப்போ 40 செகண்ட் டைட்டில் ஒண்ணு இருந்துச்சு, தம்ப்நெயில் (மெனுல வர்ற சின்னப் படம்) கறுப்பு, நான் ஓட்டிக் கூட பாக்காம அழிச்சிட்டேன். அப்புறமா டேப்பைத் திரும்பப் பாத்தப்போதான் தெரிஞ்சுது, முதல் சில செகண்ட்தான் இருட்டு, அதுக்கப்புறம் எங்க அப்பா கேமராவைப் பாத்து எல்லாரையும் கூப்பிட்டுப் பேசறாரு. அப்பா இப்போ இல்ல. டேப் இருந்ததால பிழைச்சேன், டேப்பைத் தூக்கிப் போட்டிருந்தா அந்தக் குரல் போயிருக்கும். கறுப்பா இருந்தாலும் மூணு செகண்டா இருந்தாலும் பிளே அழுத்தி கடைசி வரைக்கும் பாத்துட்டு அழிங்க.

பேரெல்லாம் தேதியும் நம்பருமா இருக்கு, படம் கறுப்பா இருக்கு

நீங்க பேர் வைக்கலன்னா ரெக்கார்டர் தனக்குத் தெரிஞ்ச தேதி, நேரம், எந்த இன்புட்னு எழுதிடும். கடிகாரம் ரீசெட் ஆயிருந்தா அந்தத் தேதியும் தப்பா இருக்கும். கறுப்புப் படம்னா முதல் ஃபிரேம் இருட்டுன்னு அர்த்தம், எடிட்ல தம்ப்நெயில் மாத்தறதுன்னு ஒண்ணு இருக்கும், நல்ல இடத்துல நிறுத்தி ஓகே அழுத்துங்க. ரெண்டுமே மைனஸ் ஆர், பிளஸ் ஆர் டிஸ்க்ல ஃபைனலைஸுக்கு முன்னாடி மட்டும்தான் முடியும். அப்படியே மெனு பின்னணி ஸ்டைலையும் அப்போதே தேர்ந்தெடுத்துக்கோங்க.

டெலீட் அழுத்தினா எடுத்துக்கவே மாட்டேங்குது

பூட்டு சின்னம் இருக்கான்னு பாருங்க. டைட்டிலுக்கு தனியா பூட்டு இருக்கும், டிஸ்க் முழுசுக்கும் ஒரு பூட்டு இருக்கும், ராம் டிஸ்க் கார்ட்ரிட்ஜ்ல இருந்தா அதுல கையால தள்ற பூட்டும் இருக்கும். எதுவும் இல்லன்னா டிஸ்க் ஃபைனலைஸ் ஆயிடுச்சு, இல்லன்னா வேற கம்பெனி ரெக்கார்டர்ல எழுதினது. ஒரு மெஷின்ல ஆரம்பிச்சதை இன்னொரு மெஷின்ல எடிட் பண்றது, ஃபைனலைஸ் பண்றது ரெண்டுமே வேண்டாம். ஓடற மாதிரி தெரியும், ஆனா மெனு குழம்பிப் போகும்.

போட்டதும் ஓடாம மெனுக்கே போய் நிக்குது

மெனு எதுவுமே வேண்டாம், போட்டா நேரா ஓடணும்னு நினைக்கிறவங்க நிறைய பேர். பானாசோனிக்ல ஃபைனலைஸ் பண்றதுக்கு முன்னாடி டிவிடி மேனேஜ்மென்ட் உள்ள ஆட்டோ பிளே செலக்ட்னு இருக்கும், டாப் மெனுக்கு பதிலா டைட்டில் 1ன்னு மாத்திடுங்க. வயசானவங்களுக்குக் கொடுக்கிற டிஸ்கா இருந்தா இதை நான் கண்டிப்பா பண்ணுவேன், ரிமோட்ல அம்புக்குறியைத் தேடற சிரமம் அவங்களுக்கு எதுக்கு. வேற மெஷின்ல இந்த வசதி இல்லன்னா கீழ சொல்ற கம்ப்யூட்டர் வழிதான்.

ஏற்கனவே ஃபைனலைஸ் பண்ணிட்டேன், இப்போ என்ன?

மைனஸ் ஆர்டபிள்யூவா இருந்தா இன்னும் கதவு மூடல. சோனி, பயனியர் மெஷின் நிறையதுல ஃபைனலைஸை ரத்து பண்ற ஆப்ஷன் டிஸ்க் செட்டப்ல இருக்கும். எந்த மெஷின்ல எழுதினீங்களோ அதுலயே ரத்து பண்ணி, வேண்டாததை எடுத்துட்டு, திரும்ப ஃபைனலைஸ் பண்ணுங்க. டிஸ்க்ல கொஞ்சமா ரெக்கார்ட் ஆயிருந்தா ஃபைனலைஸ் அதிக நேரம் எடுக்கும், நிறைய இருந்தா சீக்கிரம் முடியும், தலைகீழா தெரிஞ்சாலும் அதுதான் வழக்கம். காலி இடத்தையும் நிரப்பி முடிக்க வேண்டியிருக்கு, அதனாலதான். ஹேங் ஆயிடுச்சுன்னு நினைச்சு ஆஃப் பண்ணிடாதீங்க.

மைனஸ் ஆர், பிளஸ் ஆர்னா அந்த டிஸ்கை மாத்தவே முடியாது, புதுசா ஒண்ணு செய்யத்தான் முடியும். முதல்ல டிஸ்கை அப்படியே ஒரு ஐஎஸ்ஓ ஃபைலா கம்ப்யூட்டர்ல எடுத்துக்கோங்க, விண்டோஸ்ல இமேஜ்பர்ன் (ImgBurn) புரோகிராம் போதும். மத்த எல்லா வேலையும் அந்தக் காப்பி மேலதான்.

இங்க நிறைய பேர் கேக்கறது, மெனுல அந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுக்க முடியாதான்னு. பிஜிசிஎடிட் மாதிரி புரோகிராம்ல அந்தப் பட்டனை வேலை செய்யாம ஆக்கலாம்தான். ஆனா மெனுல நீங்க பாக்கிற தம்ப்நெயில் தனித்தனி படம் இல்ல, மெனு முழுசும் சேந்து ஒரே வீடியோ ஃபிரேமா எழுதப்பட்டிருக்கு, பட்டன் அதுக்கு மேல விரிச்ச கண்ணுக்குத் தெரியாத கட்டம் மட்டும்தான். பட்டனை எடுத்தாலும் படம் அங்கயே நிக்கும், அழுத்தினா ஒண்ணும் நடக்காது, பாக்கிறவங்க டிஸ்க் கெட்டுப் போச்சுன்னு நினைப்பாங்க. அதனால மெனுவோட மல்லுக்கட்டாம புதுசா கட்டிடறதுதான் என் அபிப்பிராயம்.

அதுக்கு ரெண்டு வழி. மெனு வேண்டாம், நல்ல டைட்டில் மட்டும் வரிசையா ஓடினா போதும்னா டிவிடி ஷ்ரிங்க்ல ரீ ஆத்தர்னு போய் வேணுங்கற டைட்டிலை மட்டும் இழுத்துப் போட்டு புது டிஸ்கா எழுதிக்கலாம், பழைய புரோகிராம்தான் ஆனா வேலையை முடிச்சுக் கொடுக்கும். ஒரிஜினல் 4.7 ஜிபி டிஸ்க்ல இருந்து இன்னொரு 4.7 ஜிபி டிஸ்க்குக்குத்தான் போகுது, அதனால அமுக்க வேண்டிய அவசியம் இல்ல, கம்ப்ரஷன்னு வந்தா வேண்டாம்னு வைங்க. அழகான மெனு வேணும்னா டிவிடிஸ்டைலர்னு இலவசமா இருக்கு, டைட்டிலை எல்லாம் எம்பெக் ஃபைலா எடுத்து அதுல போட்டு உங்க கையால பேர் எழுதி மெனு செய்யலாம். வீடியோ ஃபார்மட் இடத்துல காப்பின்னு தேர்ந்தெடுங்க, இல்லன்னா ஏற்கனவே சுமாரா இருக்கிற டேப் படத்தை அது மறுபடி என்கோட் பண்ணி இன்னும் மங்கலாக்கிடும்.

டிஸ்கே வேண்டாம், ஃபைலா வச்சுக்கறேன்னா மேக்எம்கேவி (MakeMKV) புரோகிராம் எளிது. ஆனா அதுல ஒரு விஷயம் கவனிங்க, அது 120 செகண்டுக்குக் கம்மியான டைட்டிலை தானாவே விட்டுடும், லிஸ்ட்லயே காட்டாது. குப்பைத் துண்டெல்லாம் தானா போயிடும்னு சந்தோஷமாத்தான் இருக்கும், ஆனா நான் மேல சொன்ன எங்க அப்பா டைட்டில் 40 செகண்ட்தான். பிரிஃபரன்ஸ்ல போய் அந்த குறைஞ்சபட்ச நேரத்தை 1 செகண்டா மாத்திட்டு டிஸ்கைத் திரும்பத் திறங்க, எல்லாம் வரும், பாத்துப் பாத்து நீங்களே டிக் எடுத்துக்கலாம்.

எக்ஸ்ப்ளோரர்ல டிஸ்கைத் திறந்து வீடியோ இருக்கிற விஓபி (VOB) ஃபைலை நேரா காப்பி பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு விஓபி 1 ஜிபியைத் தாண்டக் கூடாதுன்னு விதி, அதனால ஒரே நிகழ்ச்சி ரெண்டு மூணு ஃபைல்ல பரவியிருக்கும், பல ரெக்கார்டர் எல்லா டைட்டிலையும் ஒரே தொகுப்புல போட்டுடும். ஃபைல் எண்ணிக்கையும் டைட்டில் எண்ணிக்கையும் ஒண்ணு இல்ல. விஆர் டிஸ்கா இருந்தா விஓபியே இருக்காது, எல்லாம் விஆர்ஓன்னு ஒரே பெரிய ஃபைலா இருக்கும், அதைக் காப்பி பண்ணி பேர்ல கடைசி எழுத்தை எம்பிஜின்னு மாத்தினா பெரும்பாலும் விஎல்சில ஓடும், எல்லா டைட்டிலும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா.

அழிச்சது நிஜமாவே அழிஞ்சுதா?

மைனஸ் ஆர், பிளஸ் ஆர் டிஸ்க்ல அழியல. மெனுல இருந்து பேர் போச்சு, வீடியோ டிஸ்க்லயே எரிஞ்சு பதிஞ்சிருக்கு. தெரியாம அழிச்சவங்களுக்கு இது நல்ல செய்தி, ஃபைனலைஸ் பண்ணாத டிஸ்கையும் ஐசோபஸ்டர்ங்கற கம்ப்யூட்டர் புரோகிராம் படிக்கும், அழிச்ச டைட்டிலை அதுல தேடி எடுக்க வாய்ப்பு இருக்கு, டிஸ்க்ல மேற்கொண்டு எதுவும் எழுதாம உடனே முயற்சி பண்ணுங்க. ஆர்டபிள்யூ டிஸ்க்ல மேல புதுசா எழுதிட்டா அந்த இடத்துல இருந்தது போனதுதான். அதே சமயம் வெளியாளுக்குக் கொடுக்கிற டிஸ்க்ல யாரும் பாக்கக் கூடாத ஒண்ணை ரெக்கார்ட் பண்ணி டெலீட் பண்ணியிருந்தீங்கன்னா அந்த டிஸ்கைக் கொடுக்காதீங்க, வேண்டியதை மட்டும் புது டிஸ்க்ல எழுதிக் கொடுங்க.

புது டிஸ்க் ரெடியானதும் எழுதின மெஷின்ல பாக்காம சம்பந்தமே இல்லாத வேற பிளேயர்ல போடுங்க. மெனுல ஒவ்வொரு கட்டமா அழுத்திப் பாருங்க, அப்புறம் முதல் டைட்டில்ல இருந்து நெக்ஸ்ட் பட்டனை அழுத்திக்கிட்டே கடைசி வரைக்கும் போங்க, மெனுல தெரியாத டைட்டில் ஏதாவது ஒளிஞ்சிருந்தா அப்போ மாட்டிக்கும். எல்லாம் சரின்னு ஆன பிறகும் பழைய டிஸ்கையும் டேப்பையும் தூக்கிப் போடாம ஒரு பெட்டில போட்டு, உள்ள என்னென்ன இருக்குன்னு முதல்ல எழுதின அந்த பேப்பரையும் கூடவே வச்சிடுங்க.